கொஞ்சு போயே

சிரிக்கிறார்கள். இன்னும் சிரித்து முடியவில்லை அவர்களுக்கு. ஒரு கூடை தப்பியது போக மிச்சமிருந்த கொஞ்சுகளைப் பொரித்து, படகுவீட்டின் மேல்தட்டில் வட்டமாக உட்கார்ந்து தின்றுகொண்டே சிரிக்கிறார்கள். ஓடு உடைக்கிற சத்தமும் சிரிப்பும் ஒன்றாகப் பலகை வழியே இறங்கி என் தலைக்கு நேராக விழுகின்றன. என் புருஷனின் சிநேகிதன் தியாகுதான் நடிக்கிறான். "மை பேபி! மை பேபி!" என்று என் குரலில், என் குரலைவிட மெல்லிசாக, பக்கத்துப் படகிலிருந்து வந்தவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் கதை வளர்கிறது. முதலில் நான் ஈரத் தலையோடு ஓடிவந்தேன். பிறகு துண்டோடு ஓடிவந்தேன். இப்போது சோப்பு நுரையோடு. இன்னும் கொஞ்ச நேரம் போனால் காயலில் குதித்து நீந்தியே இருப்பேன். கொஞ்ச நேரம். பார், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சொல் காலில் மிதிபடுகிறது. கொஞ்சு என்றால் இங்கே மலையாளத்தில் இறால், பெரிய இறால், கை நீளத்துக்கு நீலக் கால்களோடு. எங்கள் ஊரில் கொஞ்சு என்றால் குழந்தையை மடியில் போட்டுச் செய்வது. குஞ்சு என்றால் இங்கே குழந்தை. காலையிலிருந்து படகுக்காரர்கள் எல்லோரும் என் மகள் தாருவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், குஞ்சு வாங்க, குஞ்சுக்குப் பால் வேணுமா, குஞ்சு உறங்கியோ என்று. அவர்கள் வாயில் அது குஞ்ஞு என்று மூக்கோடு வருகிறது, என் காதில் குஞ்சு என்று விழுகிறது. யாருக்குத்தான் தப்பாகக் கேட்காது. கேட்கவில்லையாம். எனக்கு மட்டும்தான் கேட்டதாம். கான்வென்ட் காது என்கிறான் தியாகு. அதற்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் என் புருஷனின் சிரிப்பு தனியாகக் கேட்கிறது. ஆயிரம் பேர் சிரித்தாலும் அது எனக்குத் தனியாகக் கேட்கும். மூச்சை உள்ளே இழுத்துச் சிரிப்பவர் அவர். பெண் பார்க்க வந்த அன்று அந்தச் சிரிப்பைத்தான் நல்ல சிரிப்பு என்று நினைத்தேன்.

தாரு என் நெஞ்சின்மேல் படுத்துத் தூங்குகிறாள். கட்டிலில் விட மனசு வரவில்லை. கட்டில் ஆடுகிறது, படகு ஆடுகிறது, எல்லாம் ஆடுகிறது, நான் மட்டும் விறைத்துப்போய்க் கிடக்கிறேன். ஒன்றரை வயதுக்கு என்ன கனம். நெஞ்சு மரத்துப்போகிறது, ஆனாலும் இறக்கமாட்டேன். அவள் வாயிலிருந்து வடிகிற எச்சில் என் கழுத்தில் சூடாக இறங்கிச் சில்லென்று ஆகிறது. மூச்சு வருகிறதா? வருகிறது. தெரியும், இருந்தாலும் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன், விரலை எடுத்தவுடன் சந்தேகம், மறுபடி வைக்கிறேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். தாழ்ப்பாள் சின்னது, ஓங்கித் தள்ளினால் கழன்றுவிடும், தள்ளட்டும். மூங்கில் பாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர், கையால் தட்டிப் பார்க்கிற தூரத்தில். சளப், சளப் என்று நாய் நக்கிக் குடிக்கிற மாதிரி. அந்திக்கு எல்லாப் படகும் நின்றுவிடவேண்டுமாம் இங்கே, மீன்காரர்கள் வலை போடுவார்களாம். அதனால் சூரியன் இறங்கும்போது ஒவ்வொன்றாக வந்து இந்தக் கரையோரம் ஒதுங்கின, மாடுகள் தொழுவத்துக்கு வருகிற மாதிரி. கரையை ஒட்டி யாரோ குஜராத்திக் குடும்பத்தின் படகு. அதை ஒட்டி எங்கள் கூட்டத்தின் இரண்டு படகுகள். எல்லாவற்றுக்கும் வெளியே, காயலைப் பார்த்தபடி, நங்கூரம் போட்டு எங்கள் படகு. கயிற்றால் பக்கவாட்டில் கட்டி, இடிக்காமல் இருக்கப் பழைய டயர்களைத் தொங்கவிட்டு, நாலும் ஒரே வீடு மாதிரி ஆயிற்று என்று ஆண்களுக்கு ஒரே குஷி. ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்குக் கால் எட்டி வைத்தே போகலாம். போகலாம்தான். நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. தூரத்தில் ஏதாவது படகு போனால் அலை வருகிறது, அந்த இடைவெளி ஒரு முழம் திறக்கிறது, பிறகு டயர் கிறீச்சிட மூடுகிறது. திறக்கும்போது உள்ளே கறுப்பாகத் தண்ணீர், ஒரு ஆகாயத்தாமரைச் செடி, ஒரு சிப்ஸ் கவர். வந்து கட்டிய உடனேயே அதைத்தான் பார்த்தேன். அவரிடம் காட்டினேன். "அதுல எலி விழுமா இருக்கும், புள்ள விழாது" என்றார். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றார். இத்தனை பேர் இருக்காங்க மிருது, நீ ஒருத்தியே தூக்கிச் சுமக்கோணுமா, போய் நிம்மதியாக் குளிச்சுட்டு வா, நான் பார்த்துக்கறேன்.

பார்த்துக்கறேன். கோர்ட்டில் வைத்து விசாரிக்கவேண்டிய சொல் அது. யார் பார்த்துக்கொண்டது? அவர் வாணியக்காவிடம் கொடுத்தார். தியாகுவின் மனைவி, நல்ல மாதிரிதான், நாலு வார்த்தைக்கு ஒரு தரம் அம்மணி போடுவாள். அவளுக்கு ஊரிலிருந்து போன் வந்தது, சிக்னல் இல்லை, தியாகுவிடம் கொடுத்தாள். தியாகு ஐஸ் வாங்கப் பக்கத்துப் படகுக்குப் போனான், ஒரு கையில் ஐஸ் டப்பா, ஒரு கையில் என் பெண். அந்த முழ இடைவெளியை அப்படித் தாண்டியிருக்கிறான். அங்கே தன் மகள் தன்யாவிடம் விட்டான். தன்யாவுக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பெண் ஒன்றரை வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, எலும்பு இடுப்பு, சறுக்கச் சறுக்க மேலே ஏற்றிக்கொண்டு, இன்னொரு இடைவெளி, அப்புறம் இன்னொன்று. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு சொன்னார்கள், சிரிப்புக்கு நடுவில். சேர்த்துக் கோத்தவள் நான். கோத்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் அடுத்த கையில் கொடுத்திருக்கிறார்கள். தப்பே செய்யவில்லை ஒருவரும். அதுதான் எரிகிறது. யாரையாவது பிடித்து அறையலாம் என்றால் கன்னமே இல்லை.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளுக்குப் பிறகு கதவைச் சாத்திக் குளிக்கிறேன், வீட்டில் கதவை ஒருக்களித்து வைத்து, தாரு வெளியே தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேதான் குளியல். இங்கே தலையில் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடினேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று இப்போது நினைக்கவே கூசுகிறது. அப்போதுதான் பின்பக்கம் அடுப்படியிலிருந்து ஜோமோன் கத்தினான். சமையல்காரன், காலையில் தாருவுக்குப் பப்பாளி நறுக்கிக் கொடுத்தவன். "கொஞ்சு போயே! வெள்ளத்தில் போயே!" வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர், அதுவும் காலையிலேயே கற்றுக்கொண்டாயிற்று. குஞ்சு போய்விட்டது, தண்ணீரில் போய்விட்டது. எப்படி நைட்டியை மாட்டினேன், எப்படித் தாழ்ப்பாள் திறந்தது, தெரியாது. தெரிந்தது என் கத்தல்தான். மை பேபி என்று கத்தினேன். ஏன் ஐயோ என்று கத்தவில்லை? ஏன் தாரு என்று கத்தவில்லை? அம்மா என்றாவது. பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் சத்தம் போடாதே, மெதுவாகப் பேசு, பெண்பிள்ளை சிரிப்பு அடுத்த பெஞ்சுக்குக் கேட்கக்கூடாது என்று என் குரலை மடித்து இஸ்திரி போட்டு வைத்தார்கள். கத்தவே தெரியாத குரலிலிருந்து கத்தல் வந்தபோது அவர்கள் போட்ட மடிப்போடு இங்கிலீஷிலேயே வந்தது. ஓடிப்போய் ஜோமோனின் சட்டையைப் பிடித்தேன். அவன் காலியான கூடையைக் கவிழ்த்துக் காட்டினான். எனக்குப் புரியவில்லை, கூடைக்குள் ஏன் என் பிள்ளையைத் தேடச் சொல்கிறான்? தண்ணீரைப் பார்த்து முழங்காலில் விழுந்தேன், கையை விட்டேன், ஏதோ வழவழவென்று விரலில் பட்டது, பாசிதான். "குஞ்ஞல்ல சேச்சீ! கொஞ்சு, கொஞ்சு!" இரண்டு விரலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து மீசை மாதிரி ஆட்டிக் காட்டினான். அவன் சிரிக்கவில்லை, பாவம், அவன் முகம் வெளுத்திருந்தது. மேலேயிருந்து எட்டிப் பார்த்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். இறாலாம்! இறாலுக்கு இத்தனை கத்தலா! பின்பு எல்லோரும். நானும். ஆமாம், நானும் சிரித்தேன், முழங்காலில் இருந்தபடி. பிறர் சிரித்தால் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வதும் கான்வென்ட்டில் படித்ததுதான். அந்த உதட்டை இப்போது பிய்த்து எறியலாம் போலிருக்கிறது.

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். தாரு எங்கே? அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவே இல்லை. அவருக்கு மலையாளம் தெரியும், பாலக்காட்டு மில்லில் நாலு வருஷம் வேலை பார்த்தவர், காலையிலிருந்து டிரைவரோடு சேட்டா சேட்டா என்று பேசித் தீர்த்தவர். அவருக்கு இறால் என்றே கேட்டிருக்கும், அதனால் எழவில்லை. சரி, அதை மன்னிக்கலாம், அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் தாரு எங்கே? "வாணிகிட்ட இருக்கா." வாணியக்கா போனைக் காதிலிருந்து எடுத்து, "என்ற கிட்ட இல்லியே அம்மணி, அவருகிட்டக் குடுத்தனே." தியாகு ஐஸைக் கிளாஸில் போட்டுக்கொண்டே, "தன்யா வெச்சுட்டு இருக்கும் பாரு." தன்யா எங்கள் படகில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கை காலியாக. இடுப்பு காலியாக. சிரிப்பு நிற்கவில்லை அப்போதும். அதுதான் எனக்கு விளங்கவில்லை. கேள்வி ஒவ்வொருவராகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, பதில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துகொண்டிருந்தது, சிரிப்பு மட்டும் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, பெடல் விட்ட பிறகும் சுற்றுகிற தையல் மெஷின் மாதிரி.

சிஸ்டர் லியோனி ஞாபகத்துக்கு வருகிறாள். அந்தக் கிழட்டுச் சிடுமூஞ்சி. எட்டாவதில் எங்களைப் பவானிசாகர் அணைக்கு அழைத்துப்போனாள். பஸ்ஸில் ஏறும்போது எண்ணுவாள், இறங்கும்போது எண்ணுவாள், சாப்பிட உட்கார்ந்தால் எண்ணுவாள். கண்ணால் இல்லை, ஒவ்வொருத்தி பின்னலையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துத்தான் எண்ணுவாள். வலிக்கும். நாங்கள் என்ன ஆட்டுக்குட்டிகளா என்று அன்றைக்கு அவளைச் சபித்தோம். நான்தான் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தேன், மணியக்காரி என்று. அணைக்குக் கீழே மதகுத் தண்ணீர் இரைகிற இடத்தில் ஒருத்தியைக்கூடப் பத்தடிக்குக் கிட்டே விடவில்லை, ஒருத்திக்கும் அந்த நாள் சந்தோஷமாக இல்லை, ஒருத்தியும் குறையாமல் வீட்டுக்கு வந்தோம். பிள்ளை பெறாதவள். இங்கே மேலே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் பெற்றவர்கள். யாராவது ஒருவர் வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்து எண்ணமாட்டார்களா என்றிருக்கிறது.

மூன்று இடைவெளிகளைத் தாண்டினேன். ஈரக் கால், வார்னிஷ் போட்ட பலகை, வழுக்கியது. ஒவ்வொன்றையும் தாண்டும்போது கீழே பார்த்தேன், பார்க்காதே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். வெள்ளைத் துணியாக ஏதாவது. தாரு போட்டிருந்தது மஞ்சள் கவுன், எனக்குத் தெரியும், நான்தான் போட்டுவிட்டேன், இருந்தாலும் வெள்ளையைத்தான் தேடினேன், ஏன் என்று கேட்காதே. கடைசிப் படகில், கரையோரப் படகில், சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குஜராத்தி அம்மா, நெற்றியில் பெரிய பொட்டு, தன் துப்பட்டாவால் தாருவின் காலை மூடி, கொசு விரட்டிக்கொண்டிருந்தாள். தாருவின் முகத்தைக்கூடத் துடைத்துவிட்டிருந்தாள், வாயோரம் இருந்த பப்பாளிக் கறை இல்லை. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "யே கிஸ்கி ஹை?" என்று கேட்டாள். இது யாருடையது. ஹிந்தி எனக்குக் கொஞ்சம்தான் வரும், அந்தக் கேள்வி புரிந்தது. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் மணிக்கட்டில் என் பெயரை எழுதிக் கட்டினார்கள், மிருதுளாவின் குழந்தை என்று. அது இருக்கும்வரை யாரும் கேட்கவில்லை. என்னுடையது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் சட்டென்று தரவில்லை. என் ஈரத் தலையை, தாறுமாறாகக் கிடந்த நைட்டியைப் பார்த்தாள், தாருவைப் பார்த்தாள், மூக்கை ஒப்பிட்டாளோ என்னவோ. பிறகுதான் தூக்கிக் கொடுத்தாள். அந்த ஒரு சந்தேகத்துக்காக அவள் காலில் விழலாம். இந்த நாலு படகிலும் என் பெண்ணை யாரிடம் கொடுக்கிறோம் என்று யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

திரும்பி வந்தபோது, "பார்த்தியா, பத்திரமாத்தான இருக்கா" என்றார். மூச்சை உள்ளே இழுத்தார். பத்திரமாம். அவரை. அவனை. மனசுக்குள் இப்போது அவன் என்றுதான் வருகிறது, வரட்டும். எனக்கு இறால் கதை பெரிசில்லை. காலத்துக்கும் சொல்லிச் சிரிக்கட்டும், கல்யாண வீடுகளில், காதுகுத்தில், தாரு பெரியவளாகி அவளே சொல்லிச் சிரிக்கட்டும். ஆனால் அந்தக் கதையில் ஒன்றை மட்டும் எல்லோரும் தாண்டித் தாண்டிப் போகிறார்கள், காலை எட்டி வைத்து, படகுக்குப் படகு தாவுகிற மாதிரி. கூடை கவிழ்ந்து இறால் தண்ணீரில் விழுந்தது. பார்க்க ஒருவன் இருந்தான். கத்த ஒருவன் இருந்தான். தாரு விழுந்திருந்தால்? அந்த நேரத்தில் அவளை யார் பார்த்துக்கொண்டிருந்தது? யார் கத்தியிருப்பார்கள்? யாரும் கத்தியிருக்கமாட்டார்கள். நான் தலை துவட்டி, பவுடர் போட்டு, நிதானமாக வந்து, எங்க அவ என்று கேட்டிருப்பேன். வாணிகிட்ட. அவருகிட்ட. தன்யாகிட்ட. அந்த டயர் கிறீச்சென்று மூடியிருக்கும். மூச்சு வருகிறதா? விரலை வைக்கிறேன். வருகிறது.

கதவு. விரல் கணுவால் மெதுவாகத் தட்டுகிறார்.

"மிருது. தூங்கிட்டியா?"

"இல்லீங்க."

"தட்டுல போட்டுக் கொண்டாந்திருக்கறேன். தொற."

"வேண்டாங்க."

"தியாகு சும்மா வெளையாட்டுக்குப் பண்றான். அவனத் தெரியாதா உனக்கு? வாணி வேற உன்னயக் கூப்பிட்டுட்டே இருக்குது. நாலு பேருக்கு முன்னாடி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தா நல்லாவா இருக்குது?"

நாலு பேருக்கு முன்னாடி. தாருவின் பின்னந்தலையில் கை வைத்துக்கொள்கிறேன். கோபத்தில் என் குரல் உயரும் என்று பார்த்தால் உயரவில்லை, இன்னும் தாழ்கிறது.

"ஒண்ணு கேக்கறேன். நெசமாச் சொல்லுவீங்களா?"

"கேளு."

"ஜோமோன் கத்துனப்போ உங்க காதுல என்னன்னு விழுந்துச்சு?"

 தட்டைக் கை மாற்றுகிற சத்தம். மேலே யாரோ எதற்கோ கை தட்டுகிறார்கள். மலையாளம் தெரிந்தவர் சொல்லட்டும், இறால்னுதான் கேட்டுது, உனக்குப் புரியாததுக்கு நான் என்ன பண்ணட்டும் என்று சொல்லட்டும். அப்படிச் சொன்னால் திறந்துவிடுவேன் என்றுகூட நினைக்கிறேன். அதை நம்பத் தயாராக இருக்கிறேன், சாயந்தரத்திலிருந்து அதைத்தான் அவருக்காக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"குஞ்சுன்னுதான்," என்கிறார்.

படகு மெல்ல ஏறி இறங்குகிறது.

"புள்ளைன்னா கேட்டுச்சு?"

"ம்."

"அப்புறம் ஏன் எந்திரிக்கல?"

"கால் வரல மிருது." குரல் கதவுக்கு மிகக் கிட்டே, மரத்தில் நெற்றியை வைத்துப் பேசுகிற மாதிரி. "சத்தியமா வரல. எந்திரிக்கோணும்னு தெரியுது. கால் எங்க இருக்குதுன்னே தெரியல."

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

இவ்வளவு நேரம் என் கோபத்துக்கு ஒரு கன்னம் இல்லையே என்றிருந்தேன். இதோ கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நீட்டுகிறார். அறையக் கை எழவில்லை. எழாததற்கு அவர் மேலேயே இன்னும் கோபம் வருகிறது. கால் வரவில்லையாம். என் காலும் என் காலாகவா இருந்தது? அது யாருடைய காலோ, அதுவாக ஓடியது.

"மேல போயி இதச் சொல்லுங்க," என்கிறேன். "எனக்குச் சொன்ன மாதிரியே. சொன்னீங்கன்னா கதவத் தொறக்கறேன்."

"மிருது..."

"எனக்குக் கேக்கற மாதிரி."

 தட்டைத் தரையில் வைக்கிற சத்தம். பிறகு படிகள், ஒவ்வொன்றாக, மேலே. "என்றா மாப்ள, அம்மணிக்குக் கோவம் எறங்குச்சா?" தியாகு. நாற்காலி இழுபடுகிறது. அவர் சொல்வதில் பாதிதான் கேட்கிறது, தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார், மறுபடி ஆரம்பிக்கிறார். எனக்கும் குஞ்சுன்னுதான்டா கேட்டுது. புள்ள விழுந்துருச்சுன்னுதான் நெனச்சேன். உக்காந்தேதான்டா இருந்தேன். யாரோ சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்துகிறார்கள். ஓடு உடைகிற சத்தமும் நிற்கிறது. தண்ணீரின் சளப் சளப் மட்டும். அப்புறம் வாணியக்காவின் குரல், என்னைக் கூப்பிடும்போது வருகிற குரல் இல்லை, வேறு ஒன்று: "எனக்குங்கூட அப்படித்தான் கேட்டுது." இன்னொரு ஆண் குரல், யாரென்று தெரியவில்லை, "ஆமா" என்கிறது. தியாகு ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாததே எனக்குப் போதுமாக இருக்கிறது. ஆக எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. அத்தனை பேர் காதிலும் குழந்தை தண்ணீரில் விழுந்திருக்கிறது, அத்தனை பேரும் நாற்காலியில் இருந்திருக்கிறார்கள், இறால் என்று தெரிந்ததும் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். என் காது தப்பில்லை. அதைத் தெரிந்துகொண்டதில் ஒரு ஆறுதலும் இல்லை. பயம் அப்படியே பெரிசாகிறது, இந்தப் படகைவிட, நாலு படகைவிட.

படிகளில் இறங்கி வருகிறார். தட்டவில்லை. சொன்னது சொன்னதுதான், தாருவை அணைத்தபடி எழுந்து தாழ்ப்பாளை நீக்குகிறேன். வராந்தா விளக்கில் அவர் முகம் ஒரு மாதிரி உப்பியிருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார், விரல் நுனியில் தண்ணீர் சொட்டுகிறது, சட்டையில் துடைத்துக்கொள்கிறார், இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டுகிறார்.

நான் தாருவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறேன்.